மஞ்சளாகப் பிறந்து பச்சையாக மாறும் பாம்பு... நிறத்தைத் 'தேர்ந்தெடுக்க' முடியுமா?

சுவா சூ காங்கை ஒட்டியுள்ள ஜாலான் லெக்கார் பக்கம் போயிருக்கிறீர்களா?

அந்தச் சாலையில் சியான் ஹூ மீன் பண்ணை இருக்கிறது. சிவப்பும் பொன்னிறமுமாக மின்னும் அரோவானா மீன்களை அங்கு பார்க்கலாம். அதே சாலையில்தான் ஏக்கர்ஸ் விலங்குநல அமைப்பின் வனவிலங்கு மீட்பு நிலையமும் இருக்கிறது.

ஒரு பக்கம், அழகுக்காகச் சட்டப்படி வளர்க்கப்படும் உயிர்கள். இன்னொரு பக்கம், மீட்கப்பட்ட உயிர்கள்.

'டெலிகிராமில் ஒரு மஞ்சள் பாம்புக்குட்டி வருது, பண்ணையில் பிறந்ததுதான், பேப்பர் எல்லாம் இருக்கு' என்று யாராவது உங்களிடம் சொன்னால்? அது பச்சை மலைப்பாம்பின் குட்டியாக இருக்கலாம். வாங்குவதற்கு முன் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள்.

மஞ்சள் குட்டி எப்படிப் பச்சையாகிறது?

பச்சை மலைப்பாம்பின் தாயகம் நியூ கினி தீவும் சுற்றியுள்ள சிறு தீவுகளும். ஆஸ்திரேலியாவின் வடகோடியிலும் கொஞ்சம் உண்டு.

முட்டையிலிருந்து வரும்போது குட்டி பச்சையாக இருக்காது. மஞ்சளாகவோ செங்கல் சிவப்பாகவோ இருக்கும். இந்தோனேசியாவின் பியாக் தீவுப் பாம்புகளில் இரண்டு நிறமும் உண்டு.

ஏன் இந்த மாற்றம்? ஆஸ்திரேலியாவில் ஆய்வாளர்கள் இதைக் கவனித்தார்கள். குட்டிகள் காட்டின் ஓரத்தில், தரைக்குப் பக்கத்தில் சிறு பல்லிகளைத் தேடும். வெயில் விழும் அந்த இடத்தில் மஞ்சள் கண்ணில் படாது. ஏறக்குறைய ஒரு வயதில், அரை மீட்டருக்குச் சற்று மேல் வளர்ந்ததும் மர உச்சிக்குப் போகும். அங்கே பச்சைதான் பாதுகாப்பு.

பச்சை என்பதும் ஒரே சாயம் இல்லை. தோலில் உள்ள மஞ்சள் நிறமியும், நீல ஒளியைத் திருப்பி அனுப்பும் நுண்ணிய செல்களும் சேர்ந்துதான் நமக்குப் பச்சையாகத் தெரிகிறது. மஞ்சள் குறைந்தால் பாம்பு நீலமாகிவிடும். நீலப் பாம்புக்கு ஏன் அவ்வளவு விலை என்று இப்போது புரிகிறதா?

நிறத்துக்காக வளர்ப்பது

வெளிநாட்டு வளர்ப்பாளர்கள் செய்வது கேட்க எளிது. நீலம் அதிகமுள்ள ஆணையும் பெண்ணையும் சேர்ப்பார்கள். குட்டிகளில் நல்லதை வைத்துக்கொண்டு மீண்டும் சேர்ப்பார்கள்.

ஆனால் குட்டியைப் பார்த்து எது நல்லது என்று எப்படிச் சொல்வது? அதுதான் இன்னும் மஞ்சளாக இருக்கிறதே! நிறம் மாறி முடிய மாதங்கள் ஆகும், சிலவற்றுக்கு ஆண்டுகள். பெண் பாம்பு முட்டையிடத் தயாராக ஏறக்குறைய மூன்று, நான்கு ஆண்டுகள் வேண்டும். தாய் ஏழு வாரம் போல முட்டைகளைச் சுற்றிக்கொண்டு கிடக்கும். பொரித்த குட்டிகளை முதல் இரை தின்ன வைப்பதே பெரும்பாடு.

ஆக, ஒரு தலைமுறைக்கே பல ஆண்டு. பல மரபணுக்கள் சேர்ந்து முடிவுசெய்யும் நிறம் என்பதால், நீலமும் நீலமும் சேர்ந்தால் நீலம்தான் என்ற உத்தரவாதமும் இல்லை.

உறவுக்குள்ளேயே திரும்பத் திரும்பச் சேர்த்தால் நோயும் குறைபாடும் வரலாம். சில வேளை நிறமே ஆபத்தைக் கூட்டிவரும். பால் பைத்தான் எனும் இன்னொரு மலைப்பாம்பில் 'ஸ்பைடர்' என்றொரு வகை. வலைபோன்ற கோலம், பார்க்க செம அழகு. ஆனால் அதே மரபணு சமநிலையைக் கெடுக்கிறது. பாம்பின் தலை ஆடிக்கொண்டே இருக்கும். அதையும் காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறது என்பதுதான் எனக்குப் புரியாத விஷயம்.

'பண்ணையில் பிறந்தது' - நிஜமா?

இவ்வளவு மெதுவான வேலை என்றால், சந்தையில் இத்தனை பாம்புகள் எங்கிருந்து வருகின்றன?

2011இல் ஜெசிக்கா லயன்ஸ், டேனியல் நாடுஷ் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தோனேசியப் பண்ணைகளை ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார்கள். பண்ணையில் பிறந்தவை என்று ஏற்றுமதியான பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 விழுக்காடு காட்டில் பிடிக்கப்பட்டவை என்பது அவர்கள் கண்டறிந்தது. பிடிப்பவரிடமிருந்து பண்ணைக்கு வரும்போது பாம்புக்குப் புதுப் 'பிறப்புச் சான்றிதழ்' கிடைத்துவிடுகிறது.

பண்ணைகள் முட்டை ஓடுகளைச் சான்றாகக் காட்ட வேண்டும் என்பது அவர்கள் சொன்ன யோசனை. ஓட்டைப் போலியாகத் தயாரிப்பது சிரமம்!

அரோவானா மட்டும் எப்படிச் சட்டப்படி விற்பனையாகிறது? அனைத்துலக உடன்பாட்டில் அந்த மீனுக்குத்தான் மேலும் கடுமையான பாதுகாப்பு. பதிவுபெற்ற பண்ணையில் வளர்ந்த மீன் உடலில் மைக்ரோசிப் பொருத்தப்பட்டு, சான்றிதழுடன்தான் கைமாறும். தாளில் உள்ள எண்ணை மீனின் உடலிலும் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் வளர்க்கலாமா?

கூடாது. பண்ணையில் பிறந்ததோ காட்டில் பிடித்ததோ, பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்திருக்க இங்கு அனுமதி இல்லை. வனவிலங்குச் சட்டத்தின்கீழ் முதன்முறை குற்றம் புரிவோருக்கு 10,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். கடத்திவரப்பட்டது என்றால் அழிந்துவரும் உயிரினங்களுக்கான சட்டமும் பாயும், தண்டனை இன்னும் கடுமை.

சரி, மாட்டிய பிறகு விலங்குக்கு என்ன ஆகும்?

2018இல் ஏக்கர்ஸ் 51 நட்சத்திர ஆமைகளை இந்தியாவுக்கே திருப்பி அனுப்பியது. பச்சை மலைப்பாம்புக்கு அது சுலபமில்லை. பியாக் தீவுப் பாம்பும் ஆரு தீவுப் பாம்பும் வேறுவேறு. பொய்த் தாளில் உண்மையான ஊர் இருக்காது. எந்தக் காட்டில் கொண்டுபோய் விடுவது?

அந்த விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டால் தேசியப் பூங்காக் கழகத்திடம் சொல்லுங்கள். 'பாவம், காப்பாத்தலாம்' என்று மட்டும் வாங்கிவிடாதீர்கள். விற்பவருக்கு அதுவும் ஒரு விற்பனைதான், அடுத்த குட்டியைக் கொண்டுவந்துவிடுவார்.