முற்றமும் ஒரு வகுப்பறையே



மூன்று வயதுப் பிள்ளை நர்சரியிலிருந்து வீடு திரும்பியதும் நாம் என்ன கேட்கிறோம்? "இன்று மிஸ் என்ன எழுதித் தந்தார்?" என்றுதானே! "இன்று எங்கே விளையாடினாய்?" என்று கேட்போர் நம்மில் எத்தனை பேர்?

சிறு பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் நான் அன்றாடம் காணும் உண்மை ஒன்றுண்டு. ஓடியாடிவிட்டு வரும் பிள்ளை அமைதியாக அமர்ந்து பாடத்தைக் கேட்கிறது. பூட்டிய அறையில் கைப்பேசியுடன் இருந்துவிட்டு வரும் பிள்ளையோ ஐந்து நிமிடம்கூட நிலைகொள்ளாமல் நெளிகிறது.

இலண்டன் மாநகரின் டெப்ட்ஃபோர்டு பகுதி ஒரு காலத்தில் ஏழைகள் நெருக்கமாக வாழ்ந்த இடம். வெயில் படாமல் வளர்ந்ததாலும் ஊட்டக்குறைவாலும் எலும்பு வலுவிழந்து, கால்கள் வளைந்த குழந்தைகள் அங்கே மலிந்திருந்தனர். 1914-ஆம் ஆண்டு ராச்சேல் மெக்மில்லன், மார்கரெட் மெக்மில்லன் என்னும் சகோதரியர் இருவர் அங்கே திறந்தவெளி நர்சரிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினர். கட்டடத்திற்குள் அடைக்காமல், தோட்டத்தை நோக்கித் திறந்த கொட்டகைகளில் குழந்தைகளை வளர்த்தனர். குளியல், சத்துணவு, உறக்கம் ஆகியவற்றுடன் செடிகொடிகளும் மணலும் அங்கே பாடங்களாயின. 1917-இல் ராச்சேல் மறைந்த பின்னரும் மார்கரெட் அப்பணியைக் கைவிடவில்லை.

அச்சகோதரியரின் வழி சரியானதே என்பதை இன்றைய ஆய்வுகளும் காட்டுகின்றன. சீனாவின் குவாங்சௌ நகரில் ஆறேழு வயது மாணவர்களுக்குப் பள்ளி நாள்தோறும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் செலவிட ஏற்பாடு செய்தனர். மூன்றாண்டுகளில் அவர்களுள் சுமார் 30 விழுக்காட்டினருக்கே கிட்டப்பார்வை வந்தது. மற்ற மாணவர்களிடையே அது ஏறத்தாழ 40 விழுக்காடு. இம்முடிவு 2015-இல் வெளியாயிற்று. மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரமாவது உடலசைவுடன் இருக்க வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் 2019-இல் அறிவுறுத்தியது.

மண்ணைக் கிளறும் விரல்களே பின்னாளில் எழுதுகோலை உறுதியாகப் பற்றும். குவளையிலிருந்து குடத்திற்கு நீர் ஊற்றும் குழந்தை, அளவு என்பதைத் தானே கற்றுக்கொள்கிறது. எறும்பு வரிசையைப் பார்த்து அது தொடுக்கும் கேள்விகளோ எந்தப் பாடநூலிலும் இல்லை.

இதற்குப் பெரும் செலவு வேண்டாம். அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட இளவெயிலில் முற்றமோ மொட்டை மாடியோ போதும். பெரியவர் ஒருவரின் கண் பிள்ளையின் மேல் இருக்கட்டும். அடுத்த ஆண்டு நர்சரியைத் தேடிச் செல்லும்போது, கட்டணத்தை விசாரிக்கும் முன், "பிள்ளைகள் விளையாட இடம் உண்டா?" என்று கேளுங்கள்.

ஆடை அழுக்கானால் துவைத்துவிடலாம். ஆடாமல் கழிந்த குழந்தைப் பருவத்தைத் திரும்பக் கொடுக்க நம்மால் இயலுமா?