சிவப்பு டீசல், மஞ்சள் கேன்

என் பெரியப்பா பையன் அமெரிக்காவுல அயோவா மாநிலத்துல எம்.எஸ். படிக்கிறார், அக்ரி இன்ஜினியரிங். போன புதுசுல ஒருநாள், "பங்க்ல ஆஃப்-ரோடு டீசல் ஒரு கேன் பிடிச்சுட்டு வா, டிராக்டருக்கு வேணும்"னு அனுப்பியிருக்காங்க. ஷெட்ல ரெண்டு கேன். ஒண்ணு சிவப்பு, ஒண்ணு மஞ்சள். ஆஃப்-ரோடு டீசல் சிவப்பா இருக்கும்னு அண்ணன் கேள்விப்பட்டிருந்தார். சிவப்பு டீசலுக்குச் சிவப்பு கேன்னு எடுத்துட்டுப் போயிட்டார். பிக்கப் வண்டியோட பின்தொட்டியில கேனை வச்சபடியே நாசிலைத் தூக்கினப்போ, பக்கத்துல நின்ன வயசான விவசாயி ஒருத்தர் கையைக் காட்டி நிறுத்தியிருக்கார். "அந்தக் கேன்ல முன்னாடி என்னப்பா இருந்துச்சு?"

அண்ணனுக்குப் பதில் தெரியல. உங்களுக்கும் எனக்கும்கூடத் தெரிஞ்சிருக்காது. அவர் ஏன் அதைக் கேட்டார்னு போன்ல அண்ணன் சொன்னதையும், அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சேர்த்துத்தான் இதை எழுதுறேன்.

முதல்ல அந்தச் சிவப்பு என்னன்னு பார்த்துடுவோம். அமெரிக்காவுல ரோட்டுல ஓடுற வண்டிக்கு டீசல் போட்டா, கேலனுக்கு 24.4 சென்ட் மத்திய அரசு வரி. மாநில வரி தனி. ரோடு போடவும் பராமரிக்கவும்தான் அந்த வரி. அப்போ வயல்ல ஓடுற டிராக்டரும், ஒரே இடத்துல நிக்கிற ஜெனரேட்டரும் எதுக்கு ரோட்டு வரி கட்டணும்? அதனால அதுகளுக்கு வரி இல்லாத டீசல். ஆனா ரெண்டும் ஒரே சரக்கு, கண்ணால பார்த்தா வித்தியாசம் தெரியாது. 80-களில் நியூயார்க் பக்கம் மாஃபியா கும்பல்களே எரிபொருள் வரி ஏய்ப்புல இறங்கிக் கொழுத்தாங்க. 1993-ல ஒரு எளிமையான வழியைக் கண்டுபிடிச்சாங்க: வரி இல்லாத டீசல்ல, டெப்போவை விட்டு வெளிய வரும்போதே சால்வென்ட் ரெட் 164-ங்கிற சாயத்தைக் கலந்துடறது. மேரியன், மியூலெகர்னு ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2008-ல எழுதின கட்டுரைப்படி, சாயம் வந்ததும் வரி கட்டின டீசல் விற்பனை 26 சதவீதம் ஏறுச்சு. வரி இல்லாத ஹீட்டிங் ஆயில் விற்பனை கிட்டத்தட்ட அதே அளவு இறங்குச்சு. அதுவரைக்கும் 'வீட்டைச் சூடாக்க'ன்னு வாங்கினதெல்லாம் எங்கே எரிஞ்சிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க!

ரோட்டுல ஓடுற வண்டி டேங்க்ல சிவப்பு இருந்து மாட்டினா, 1,000 டாலர் அல்லது கேலனுக்கு 10 டாலர், எது அதிகமோ அது அபராதம். மறுபடி மாட்டினா இன்னும் ஏறும். நல்ல டீசலை ஊத்திக் கரைச்சாலும் இளஞ்சிவப்பு மிச்சம் இருக்கும். கேன்ல மிஞ்சினதைத் 'தெரியாம' சொந்த பிக்கப்ல ஊத்துற ஆசை வர்ற இடம் இதுதான், அமெரிக்கா போற சீனியர்கள் கவனிக்க. நம்ம ஊர்ல சாய டீசல் கிடையாது. ரேஷன் மண்ணெண்ணெய்க்கு நீலம் கலந்தது இதே கணக்குலதான்.

சரி, டீசல் சிவப்பு. ஆனா அங்கே கேனோட நிறத்துக்கு வேற மொழி. சிவப்பு கேன்னா பெட்ரோல், மஞ்சள்னா டீசல், நீலம்னா மண்ணெண்ணெய். அதாவது சிவப்பு டீசல் போக வேண்டியது மஞ்சள் கேனுக்கு. புதுசா போறவங்க தடுக்கி விழறது இங்கேதான்.

பெட்ரோல் கேன்ல டீசல் ஊத்தினா என்ன, டீசல் என்ன பெட்ரோல் மாதிரியா பத்திக்கும்? இப்படித்தான் நானும் நினைச்சேன். பெட்ரோலோட ஃப்ளாஷ் பாயிண்ட் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸ். அமெரிக்காவுல சாதாரண டீசலுக்கு அது குறைஞ்சது 52 டிகிரி இருக்கணும். தீக்குச்சியைக் காட்டினாக்கூட டீசல் லேசுல பத்தாது. ஆபத்து வர்றது கேன்ல ஏற்கனவே இருக்கிற பெட்ரோல் ஆவியால.

காத்துல பெட்ரோல் ஆவி சுமார் 1.4 சதவீதத்துல இருந்து 7.6 சதவீதம் வரைக்கும் இருந்தாத்தான் பத்தும். மூடி வச்ச பெட்ரோல் கேனுக்குள்ள ஆவி இதைவிட ரொம்ப அதிகம், காத்து போதாது, அதனால உள்ளே பொறி விழுந்தாலும் சாதாரணமா பத்தாது. இப்போ அடியில கொஞ்சம் பெட்ரோல் ஒட்டியிருக்கிற கேன்ல டீசலை ஊத்துறீங்க. டீசல் அந்த ஆவியை உறிஞ்சிக்கும். ஆவியோட அளவு மேலிருந்து இறங்கி இறங்கி, சரியா அந்தப் பத்திக்கிற எல்லைக்குள்ள வந்து நிக்கும். டேங்கர் லாரிக்காரங்க இதை 'ஸ்விட்ச் லோடிங்'னு சொல்வாங்க. பெட்ரோல் ஏத்தின டேங்கர்ல அடுத்து டீசல் ஏத்தும்போது வெடிச்ச சம்பவங்கள் அந்தத் தொழில்ல பழைய பாடம். உங்க கேனும் ஒரு குட்டி டேங்கர்தான்.

பொறி எங்கிருந்து வரும்? ஹோஸ், ஃபில்டர் வழியா எரிபொருள் ஓடும்போதே நிலைமின்சாரம் உருவாகும். டீசல் மின்சாரத்தைச் சுலபமா கடத்தாது, அதனால மின்னூட்டம் கேனுக்குள்ளேயே தேங்கும். இதுல ஒரு வேடிக்கை பாருங்க. சுற்றுச்சூழலுக்காகக் கந்தகத்தைக் குறைச்சாங்க. அமெரிக்க ஆஃப்-ரோடு டீசல்ல 2007-ல 500 பிபிஎம், 2010-ல 15 பிபிஎம். நம்ம பி.எஸ்.6 டீசல்ல 10. கந்தகத்தை எடுக்கிற அதே சுத்திகரிப்பு, மின்சாரத்தைக் கொஞ்சமாவது கடத்திட்டிருந்த மத்த மூலக்கூறுகளையும் எடுத்துடுது. அதைச் சரிக்கட்ட ஒரு மருந்து கலக்கணும்னு தனி விதியே உண்டு. சுத்தமான டீசல்தான் அதிகமா மின்னூட்டம் பிடிக்குது!

இப்போ அந்தப் பெரியவர் அண்ணனை நிறுத்தினதுக்கு ரெண்டாவது காரணம். பிக்கப் தொட்டியில பிளாஸ்டிக் விரிப்பு போட்டிருப்பாங்க. அதுமேல கேன் இருந்தா மின்னூட்டம் தரைக்கு இறங்க வழியே இல்லை. உலோக நாசில் கேன் வாய்க்குப் பக்கத்துல வரும்போது பொறி தாவும். பிளாஸ்டிக் கேனைவிட உலோகக் கேன் பத்திரம்னு நினைக்காதீங்க, விரிப்புமேல இருந்தா அதுவும் தனிச்சு நிக்கிற கடத்திதான். மின்னூட்டத்தை மொத்தமா ஒரே பொறியில கொட்டிடும். 90-களிலேயே அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் இதைப் பத்தி எச்சரிக்கை வெளியிட்டிருக்கு. கார் டிக்கியில கார்பெட் இருந்தாலும் இதே கதைதான்.

அதனால கேனை இறக்கித் தரையில வைங்க. நாசிலைக் கேன் வாயில தொட்டபடியே பிடிங்க, முடியுற வரைக்கும் எடுக்காதீங்க. மெதுவா விடுங்க, டீசல் நுரைக்கும், வேகமா விட்டா நிரம்பினமாதிரி ஏமாத்திட்டு அப்புறம் பொங்கும். லாரிக்கான பம்புல கேன் பிடிக்கவே வேண்டாம், அந்த வேகத்துக்குக் கேன் தாங்காது. கழுத்து வரைக்கும் நிரப்பாதீங்க. 5 கேலன் கேன்னா கிட்டத்தட்ட 19 லிட்டர். காலையில 10 டிகிரியில பிடிச்சது மதியம் 30 டிகிரிக்குப் போனா 300 மில்லிக்கு மேல விரியும். நிரப்பின கேன் 16 கிலோ வரும், தூக்கும்போது முதுகையும் பார்த்துக்கோங்க.

இதெல்லாம் அயோவா சங்கதின்னு விட்டுடாதீங்க. சிம்போசியம் ராத்திரி கரண்ட் போனா, ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க யாரையாவது பைக்ல அனுப்புறோம். கையில கிடைச்ச கேன், பல நேரம் பைக்குக்குப் பெட்ரோல் வாங்கின அதே கேன். அதோட நம்ம ஊர்த் தரப்படி டீசலோட ஃப்ளாஷ் பாயிண்ட் 35 டிகிரி இருந்தாலே போதும். மே மாசச் சென்னை வெயில் அதைத் தாண்டும். 'டீசல்தானே'ங்கிற தைரியத்துக்கு நம்மகிட்ட அவங்களைவிடக் காரணம் குறைவு.

அண்ணன் அன்னைக்கு டீசல் பிடிக்காமலே திரும்பி, மஞ்சள் கேனை எடுத்துட்டு மறுபடி போனார். அந்தச் சிவப்பு கேன் புல்வெட்டுற மிஷினுக்குப் பெட்ரோல் வாங்குறதுன்னு சாயங்காலம்தான் தெரிஞ்சுதாம். அடியில அரை டம்ளர் மிச்சம் இருந்துச்சாம்.