குப்பிக்குள் இருப்பது எந்தச் சிலந்தி?

2021 ஜூலையில், போலந்திலிருந்து சென்னை வெளிநாட்டு அஞ்சல் அலுவலகத்துக்கு ஒரு பார்சல் வந்தது. சேர வேண்டிய ஊர் அருப்புக்கோட்டை. சுங்கத்துறையினர் பிரித்துப் பார்த்தபோது, வெள்ளித்தாளும் பஞ்சும் சுற்றிய 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகள் இருந்தன. ஒவ்வொன்றிலும் உயிருள்ள ஒரு சிலந்தி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தாரையும் வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவினரையும் வரவழைத்துக் காட்டிய பிறகே, பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள டாரன்டுலா என்ற பெருஞ்சிலந்தி வகைகளாக இருக்கலாம் என்று தெரிந்தது. இறக்குமதி உரிமமும் இல்லை, உடல்நலச் சான்றும் இல்லை. பார்சலைப் போலந்துக்கே திருப்பி அனுப்ப முடிவானது. அதிகாரிகளுக்கே நிபுணர் துணை தேவைப்பட்டது என்பதைத்தான் பெரிய சிலந்திகளைக் குஞ்சிலிருந்து வளர்க்க ஆசைப்படுகிற ஒவ்வொருவரும் முதலில் யோசிக்க வேண்டும்.

விற்பனைக்கு வரும் சிலந்திக் குஞ்சு பெரும்பாலும் ஒரு துவரம்பருப்பு அளவுகூட இருக்காது. சாம்பலோ பழுப்போ ஆன உடல், கண்ணாடி போன்ற கால்கள், அவ்வளவுதான். சிலந்தி எந்த இனம் என்பதை அறிவியலார் உறுதி செய்வது முதிர்ந்த சிலந்தியின் இனப்பெருக்க உறுப்புகளை நுண்ணோக்கியில் பார்த்து. குஞ்சில் அவை உருவாகியே இருப்பதில்லை. ஆகவே குப்பியின் மேல் ஒட்டிய பெயர் விற்பவரின் வாய்ச்சொல்லைத் தவிர வேறில்லை. அந்த உயிர் எது, எங்கே பிறந்தது என்பதற்கு வாங்குகிறவர் கையில் இருக்கும் ஒரே சான்று, அது கடந்து வந்த வழியைக் காட்டும் காகிதங்கள்தான். காகிதம் இல்லாத குஞ்சை வாங்குகிறவர், சட்டம், உடல்நலம் இரண்டிலும் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குகிறார் என்பதே என் வாதம்.

“எட்டுக்கால் பூச்சிக்கு என்ன சட்டம்?” என்று கேட்பவர்கள் உண்டு. மெக்சிகோவின் பிராக்கிபெல்மா டாரன்டுலாக்கள் பல ஆண்டுகளாகவே, பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே வாழும் பொசிலோதீரியா என்ற மரவாழ் டாரன்டுலாக்கள் 2019இல் அதே பட்டியலில் சேர்ந்தன. அதற்காக முன்மொழிந்த நாடுகளில் இலங்கையும் ஒன்று. 2022இல் திருத்தப்பட்டு 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த நமது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், சைட்டிஸ் பட்டியலில் உள்ள உயிர்களுக்கென்றே நான்காம் அட்டவணையை வைத்திருக்கிறது. அதிலுள்ள உயிரை வைத்திருப்பவர் அரசுக்குத் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். வாங்கியது வேறு பெயரில் என்றாலும், வளர்ந்து நிற்கும் சிலந்தி எந்த இனமோ அதற்குத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது: இவை பண்ணையில் பிறந்த குஞ்சுகள், இவற்றை வாங்கினால் காட்டிலிருந்து பிடிப்பது குறையும் என்பது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. ஒரே முட்டைப் பையிலிருந்து நூற்றுக்கணக்கில் குஞ்சுகள் வரலாம். ஆனால் ஆந்திரத்தின் நீல டாரன்டுலாவைப் பாருங்கள். குத்தி ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்த ஒன்றை வைத்து 1899இல் விவரிக்கப்பட்டது. அதன்பின் 2001இல்தான் நந்தியால், கித்தலூருக்கு இடைப்பட்ட காட்டில் மறுபடி கண்ணில் பட்டது. மிக அருகிய நிலையில், 100 சதுர கிலோமீட்டருக்கும் குறைந்த துண்டுக் காட்டில் வாழ்கிறது. அதன் குஞ்சுகளோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் விலைக்குக் கிடைக்கின்றன. அவற்றின் முதல் பெற்றோர் எந்த அனுமதியில் இந்தியாவை விட்டுப் போயின? பண்ணைப் பிறப்பு என்ற வாதம் நிற்க வேண்டுமானால் இந்தக் கேள்விக்குக் காகிதத்தில் விடை வேண்டும். ராமேஸ்வரத்தில் 2004இல் விவரிக்கப்பட்ட பொசிலோதீரியா அனுமவிலாசுமிகாவும் மிக அருகிய இனமே. மரப்பொந்தை உடைத்து நாலு தாய்களை எடுத்துப் போனாலே ஒரு தோப்பு காலியாகிவிடும்.

உடல்நலத்துக்கு வருவோம். டாரன்டுலாவின் விஷப்பற்கள் கடப்பாரை போல மேலிருந்து கீழே இறங்கும். மெய்ச் சிலந்திகள் எனப்படும் மற்ற பெருங்கூட்டத்துக்கு இடுக்கி போல எதிரெதிராக நெருங்கும். இரண்டிலும் பெரும்பாலானவற்றின் கடி உயிரைப் பறிக்காது. ஆனால் பொசிலோதீரியா கடித்தால் கடுமையான தசைப்பிடிப்பு வரும், சில நாள் கழித்தும் திரும்பலாம். அமெரிக்கக் கண்டத்து டாரன்டுலாக்கள் பலவும் வயிற்றிலிருந்து உதறும் முள்மயிர் கண்ணில் பட்டால் பார்வையே பாதிக்கப்படலாம். மெய்ச் சிலந்திகளில் பிரேசிலின் போனியூட்ரியா ஆபத்தானது. அதற்கான முறிமருந்தைச் சாவோ பாவ்லோவின் புட்டாண்டான் நிறுவனம் தயாரிக்கிறது. நம் மருத்துவமனையில் இருப்பது பாம்புக் கடி மருந்து, அது இதற்கு உதவாது. கடிபட்டால் சோப்பு போட்டுக் கழுவி, சிலந்தியின் படத்துடன் மருத்துவமனைக்குப் போங்கள். கீறுவது, இறுக்கிக் கட்டுவது வேண்டாம். மயிர் கண்ணில் பட்டால் தேய்க்காமல் தண்ணீர் விட்டுக் கழுவி, கண் மருத்துவரிடமே காட்ட வேண்டும்.

சிலந்தி வளர்ப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. பூச்சிகளைக் கண்டு அலறும் குழந்தை ஒரு சிலந்தி சட்டை உரிப்பதைப் பார்த்து வியந்தால் நல்லதுதானே. அதற்குக் கடல் தாண்டிப் போக வேண்டியதில்லை. நம் வீட்டுச் சுவரில் கரப்பான் பிடிக்க வரும் நீளக் கால்காரி, ஹெட்டெரோபோடா வெனட்டோரியா, ஒரு மெய்ச் சிலந்தி. வெள்ளை வில்லை போன்ற முட்டைப் பையை உடலுக்கு அடியில் அணைத்தபடி அவள் அலமாரிக்குப் பின்னால் காத்திருப்பதை எந்த உரிமமும் இல்லாமல் பார்க்கலாம். சரணாலயத்திலிருந்தும் தேசியப் பூங்காவிலிருந்தும் அனுமதியின்றி எதையும் எடுக்கக் கூடாது.

ஏற்கெனவே வாங்கியவர் பயந்து மறைக்க வேண்டாம். 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, பட்டியலில் உள்ள உயிர் கைக்கு வந்த 30 நாளுக்குள் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பு, இறப்பு, கைமாற்றம் எல்லாவற்றையும் தெரிவிக்க வேண்டும். காலம் கடந்துவிட்டாலோ காகிதம் இல்லாவிட்டாலோ, ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு, தலைமை வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். விற்றவரின் பெயர், பணம் செலுத்திய பதிவு, குப்பியின் படம் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். வளர்க்க முடியாமல் போனால் தோட்டத்திலோ காட்டிலோ விட்டுவிடாதீர்கள், இன்னொருவருக்கு விற்கவும் வேண்டாம். வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைக்கலாம்.