யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் நம் குழந்தைகள்?

'டாம் அண்ட் ஜெர்ரி' ஓடினால் பேரனோடு சேர்ந்து தாத்தாவும் சிரிப்பார். பூனை எலியைத் துரத்துகிறது, இதில் தவறாக என்ன இருந்துவிடப் போகிறது என்றுதான் நினைக்கிறோம். ஆனால், அந்த ஏழெட்டு நிமிடத்தில் மனிதர்களும் வந்து போகிறார்கள். அவர்களை எப்படிக் காட்டுகிறார்கள் என்று பெற்றோர்கள் சற்றே கவனிக்க வேண்டும்.

முகம் இல்லாத பெண்

1940இல் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் எடுத்த முதல் படத்திலேயே ஒரு கறுப்பினப் பணிப்பெண் வருகிறார். கனத்த கால்களும் அதட்டும் குரலும்தான் அவருக்கான அடையாளம். முகம் அநேகமாகத் தெரியாது. குரல் கொடுத்தவர் லிலியன் ராண்டால்ஃப் என்ற கறுப்பின நடிகை. 1952க்குப் பிறகு அந்தப் பாத்திரம் நின்றுபோனது. 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில படங்களில் அவரை வெள்ளைப் பெண்ணாக மாற்றி வரைந்தார்கள். வேறு சிலவற்றில் குரலை மட்டும் மாற்றினார்கள்.

வெடி வெடித்ததும் டாமின் முகம் கரியாகி, உதடு தடித்துத் தெரியும் காட்சி நினைவிருக்கிறதா? வெள்ளை நடிகர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு கறுப்பின மக்களைக் கேலி செய்த அமெரிக்க மேடைகளின் மிச்சம் அது.

காவலாளியின் பெயர் ஹசன்

வார்னர் பிரதர்ஸின் 'அலி பாபா பன்னி' 1957இல் வெளியானது. புதையல் குகைக்குக் காவலாக, கையில் வாளுடன் ஒரு தடித்த மனிதன். 'திறந்திடு சீசேம்' என்ற சொல்கூட அவனுக்கு நினைவில் நிற்காது. தெரிந்ததெல்லாம் வெட்டுவது ஒன்றுதான். அவனுக்கு வைத்த பெயர் ஹசன்! நபி (ஸல்) அவர்களின் பேரரின் பெயர். நம் வீடுகளில் ஆசையோடு சூட்டும் பெயர். அரபு மக்களையே அறியாத ஒரு குழந்தை அந்தப் பெயரை முதன்முதலாக இப்படிக் கேட்டால், அதன் மனதில் என்ன பதியும்?

திரும்பி வந்த எலி

ஸ்பீடி கான்சாலஸ் என்ற மெக்சிகோ எலியின் கதை வேறு மாதிரி. மற்ற மெக்சிகோ எலிகளைச் சோம்பேறிகளாகக் காட்டுகிறது என்ற விமர்சனம் இருந்தது. 1999இல் அமெரிக்காவின் கார்ட்டூன் நெட்வொர்க் அதை ஒளிபரப்பாமல் நிறுத்தியது. எதிர்ப்பு லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடமிருந்தே வந்தது. ஸ்பீடி அவர்களுக்குக் கோமாளி அல்ல. பலசாலிப் பூனையைத் தன் வேகத்தாலும் புத்தியாலும் வெல்லும் நாயகன். 2002இல் அது திரும்ப வந்தது. ஒரு சித்திரிப்பு இழிவா, பெருமையா என்று சொல்லும் முதல் உரிமை அந்தச் சமூகத்துக்கே உண்டு.

மறைப்பதா, சொல்லிக்கொடுப்பதா?

கறுப்பினத்தவரை இழிவுபடுத்திய 11 கார்ட்டூன்கள் 1968இல் தொலைக்காட்சிக்குக் கொடுக்கப்படாமல் ஒதுக்கப்பட்டன. பின்னாளில் வார்னர் நிறுவனம் வேறு வழிக்கு வந்தது. பழைய படங்களை டிவிடியில் வெளியிட்டபோது, இந்தச் சித்திரிப்புகள் அன்றும் தவறு, இன்றும் தவறு என்ற அறிவிப்பைச் சேர்த்தது. மறைத்துவிட்டால் அப்படி ஒரு பாகுபாடே இருந்ததில்லை என்று ஆகிவிடும் என்பது அதன் விளக்கம்.

வீட்டிலும் இதையே செய்யலாம். ரிமோட்டைப் பிடுங்க வேண்டாம், பக்கத்தில் உட்காருங்கள். "இவருக்கு ஏன் முகமே இல்லை? அவருக்கு ஏன் அறிவே இல்லாத மாதிரி காட்டுகிறார்கள்? உன் பெயரை இப்படி வைத்தால் நீ சிரிப்பாயா?" என்று கேளுங்கள். இப்படிக் கேட்டுப் பழகிய பிள்ளை, நம் ஊர்ப் படங்களில் ஒருவரின் கறுப்பு நிறத்தைக் கிண்டல் செய்யும்போதும் சிரிக்க யோசிக்கும்.