நுரையீரல் படத்தில் ஒளிந்திருக்கும் இதயம்

கோலார் தங்கவயலின் ஊரிகத்தில் மூச்சுத் திணறலோடு வரும் பழைய சுரங்கத் தொழிலாளிக்கு நெஞ்சு சி.டி. எடுத்தால், எல்லார் கண்ணும் நுரையீரலுக்குத்தான் போகும். தப்பில்லை, தூசியால் வரும் நுரையீரல் நோயான சிலிக்கோசிஸ் இந்தியாவில் முதன்முதலில் பதிவானதே 1947இல் இந்தத் தங்கவயலில்தான். குவார்ட்ஸ் பாறையைத் துளைக்கும்போது உள்ளே போன தூசி, 2001இல் சுரங்கத்தை மூடியதும் வெளியே வந்துவிடவில்லை. அது நுரையீரலோடு நிற்பதுமில்லை. 1953இல் வேல்ஸ் நிலக்கரித் தொழிலாளர்களிடம் முடக்குவாதமும் நுரையீரல் கட்டிகளும் சேர்ந்திருப்பதை மருத்துவர் கப்லான் கண்டார். 1957இல் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் தோல் இறுகும் ஸ்கிலிரோடெர்மாவை மருத்துவர் எராஸ்மஸ் எழுதிவைத்தார். இரண்டுமே உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்கள்.

இந்த நோய்கள் மூட்டும் ஓயாத அழற்சி இதயத்தின் ரத்தக்குழாய்களையும் அரிக்கிறது. முடக்குவாதம் இருந்தால், வழக்கமான மாரடைப்பு அபாயக் கணக்கை ஒன்றரையால் பெருக்கச் சொல்கிறது ஐரோப்பிய வாதநோய் மருத்துவர் கூட்டமைப்பு. ஆகவே பி.பி., சுகர், கொலஸ்ட்ரால் மூன்றும் சரியாக இருக்கின்றன என்பதற்காக இவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது. குழாயைப் பார்க்க வேண்டும். பார்க்கப் புது ஸ்கேன்கூட வேண்டாம் என்பதுதான் என் வாதம். சிலிக்கோசிஸ்காரரின் சி.டி.யில் நிணநீர்க் கணுக்களைச் சுற்றி முட்டை ஓடு போல வெள்ளை வளையம் தெரியலாம். அதற்குச் சற்றுக் கீழே, இதயத்தின் மேல், சுண்ணாம்புக் கோடு போல இன்னொரு வெள்ளை இருந்தால் அது கரோனரிக் குழாயில் படிந்த கால்சியம். நெஞ்சு சி.டி. அறிக்கைகளில் இதைக் குறிக்க வேண்டும் என்று 2016இலேயே அமெரிக்க வல்லுநர் சங்கங்கள் வழிகாட்டின.

இதயம் துடிப்பதால் அந்தப் படம் கலங்கலாக இருக்குமே என்பார்கள். இருக்கும்தான், ஆனாலும் நிறையப் படிந்திருப்பதற்கும் ஒன்றுமே இல்லாததற்கும் வித்தியாசம் தெரியும். பீடிதான் காரணம் என்பார்கள். பீடி இதயத்துக்கும் கெடுதல், முடக்குவாதத்தையும் தூண்டும். அப்படியானால் பார்க்க வேண்டிய காரணம் கூடுகிறதே தவிரக் குறையவில்லை. கனமான ஆட்சேபம் வேறு: கால்சியம் இல்லை என்பதால் குழாய் சுத்தம் என்று ஆகாது. இதே வகை நோயான லூபஸ் உள்ள இளம்பெண்ணிடம் மென்மையான கொழுப்புப் படிவே இருக்கலாம். அதைக் காட்ட மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஆஞ்சியோ வேண்டும். ஸ்கிலிரோடெர்மா தாக்குவதோ நுண்குழாய்களை, அதற்கு எம்.ஆர்.ஐ. இவற்றை எல்லாருக்கும் எடுக்கச் சொல்வது அநியாயம். ஊரிகம் ஸ்டேஷனில் ரயிலேறிப் பெங்களூரு போய்வந்தாலே ஒரு நாள் கூலி போய்விடும். யாரை அனுப்ப வேண்டும் என்பதை முதலில் வீட்டிலிருக்கும் பழைய படத்தை வைத்தே தீர்மானிக்கலாம். மூட்டுவலிக்காரரிடம் ‘மைன்ஸில் வேலை பார்த்தீர்களா?’ என்று கேட்கக் காசும் ஆகாது.