நடுவில் மிதக்கும் வளையம்

ஆலங்குடி வாசகர் ஒருவர் கேட்கிறார்: "அப்பாவின் பழைய 350 புல்லட் எஞ்சினை வீட்டுத் திண்ணையில் பிரித்துவிட்டேன். கனெக்டிங் ராடின் அடிப்பக்கத்து புஷ் தேய்ந்திருக்கிறது. அதைத் தூக்கிப்போட்டுவிட்டு ரோலர் பேரிங் போடச் சொல்கிறார் லேத்காரர். போடலாமா?"

ஆலங்குடியில் போர் என்றால் பல நூறு அடி. இந்த எஞ்சினின் போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், வெறும் 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்குவது 90. மொத்தம் 346 சிசி. 'புத்துயிர் பெற்ற புல்லட்' வீடியோக்களில் பெயின்டும் குரோமும் பளபளக்கும். வாசகர் கேட்கும் புஷ்ஷை யாரும் காட்டுவதில்லை. உயிர் இருப்பது அங்கேதான்.

வரலாறு கேட்பவர்களுக்கு: 1955இல் சென்னையில் என்ஃபீல்டு இந்தியா தொடங்கியது, திருவொற்றியூரில் ஆலை. இங்கிலாந்தில் என்ஃபீல்டின் ரெடிச் ஆலையை 1967இல் மூடிவிட்டார்கள். திருவொற்றியூர் அதே எஞ்சினைத் தொடர்ந்து செய்துகொண்டிருந்தது. போதும், புஷ்ஷுக்கு வருவோம்.

கிராங்க் பின் சுழல்கிறது. அதைப் பற்றியிருக்கும் கனெக்டிங் ராடு ஊசலாடுகிறதே தவிர, சுற்றுவதில்லை. இரண்டுக்கும் நடுவில் ஓட்டைகள் போட்ட ஒரு வளையம். எதிலும் இறுக்கப்படாமல் உள்ளும் புறமும் ஆயிலில் மிதக்கிறது. உள்பக்கத்து ஆயில் 'என்னோடு சுற்று' என்று இழுக்கிறது. வெளிப்பக்கத்து ஆயில் 'நில்' என்கிறது. இரண்டு இழுப்பும் சமமாகும் வேகம் எதுவோ, அந்த வேகத்தில் வளையம் சுற்றும். அதை நிர்ணயிக்க எந்தப் பல்சக்கரமும் கிடையாது.

மருமகளுக்கும் மாமியாருக்கும் நடுவில் மகன். அவன் மருமகளோடு அரைமனதாகச் சுற்றுகிறான். ஒரே இடத்தில் நடந்திருக்க வேண்டிய உரசல் இரண்டாகப் பிரிந்து தணிகிறது. ஆயில்தான் அவனுடைய சம்பளம். அது நின்ற அன்று மூவரும் ஒட்டிக்கொள்வார்கள். குடும்பத்தில் அது நல்ல செய்தியாக இருக்கலாம். எஞ்சினில் அதற்குப் பெயர் ஜாம். (நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தாண்டும் டர்போசார்ஜர்களிலும் இதே மிதக்கும் வளையம் உண்டு. 'அரதப் பழசு' என்று சிரிப்பவர்கள் கவனிக்க.)

எஞ்சினைப் பிரித்தாயிற்றே என்று கியர்பாக்ஸைப் பற்றிப் பயம் வேண்டாம். எஞ்சினுக்குப் பின்னால் அது தனிப் பெட்டி. எஞ்சினைப் பிளக்காமலே கழற்றலாம். நான்கே கியர். குதிகாலால் அழுத்தும் ஒரு குட்டி லிவர், இரண்டு, மூன்று, நான்கு எதிலிருந்தும் வண்டியை நேரே நியூட்ரலுக்குக் கொண்டுவரும். இன்றைய வண்டிகளில் இல்லாத சொகுசு!

ரோலர் விஷயம். ஆயில் கொஞ்சம் குறைந்தாலும் ரோலர் பொறுத்துக்கொள்ளும், புஷ் பொறுக்காது. ஆயில் சுத்தமாக, அழுத்தத்தோடு வந்துகொண்டே இருந்தால் புஷ் பாரத்தையும் தாங்கும், சத்தமும் போடாது. 'அந்தக் கால இரும்புக்கு ஈடே இல்லை' என்பவர் பேச்சையும் நம்பாதீர்கள். இரும்பைக் காப்பாற்றுவது ஆயில் படலம்.

உங்கள் குணத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காலம் தவறாமல் ஆயில் மாற்றுபவர் என்றால் புது புஷ். மறந்துபோகிறவர் என்றால் லேத்காரர் சொல்வதே சரி. எதைப் போட்டாலும், முதலில் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். ஆயில் திரும்பி வரவில்லை என்றால் உடனே எஞ்சினை நிறுத்திவிடுங்கள்.