முள்ளந்தண்டில் புற்றுநோயும் இலக்கு நோக்கிய கதிர்ச் சிகிச்சையும்

புற்றுநோய் எலும்புகளுக்குப் பரவும்போது பெரும்பாலும் முள்ளந்தண்டையே சென்றடைகின்றது. மார்பகம், நுரையீரல், புரொஸ்டேட் சுரப்பி ஆகியவற்றில் தோன்றும் புற்றுநோய்களில் இது சாதாரணமாகக் காணப்படுகின்றது. முள்ளெலும்புகளின் நடுவே முண்ணாண் செல்வதால் இங்கு ஆபத்து இருவகைப்படும். ஒன்று கடுமையான வலி. மற்றையது, வளரும் கட்டி முண்ணாணை நெரித்து நோயாளியின் நடக்கும் ஆற்றலையே பறித்துவிடும் அபாயம்.

வலியைத் தணிக்கக் கதிர்ச் சிகிச்சை நீண்டகாலமாகவே பயன்பட்டு வருகின்றது. எனினும், வழமையான முறையில் கட்டியின்மீது செலுத்தப்படும் கதிர் முண்ணாணையும் தாக்குகின்றது. முண்ணாண் தாங்கக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு என்பதால் கட்டிக்கு வழங்கும் அளவையும் கட்டுப்படுத்தவேண்டியுள்ளது. இத்தடையைக் கடக்க முற்பட்டதன் விளைவே இலக்கு நோக்கிய கதிர்ச் சிகிச்சையாகும். ஸ்கான் படங்களின் துணையுடன் கட்டியின் எல்லை வரையறுக்கப்பட்டு, பல திசைகளிலிருந்தும் கதிர்கள் அதன்மீது குவிக்கப்படுகின்றன. இதனால் கட்டிக்கு உயர்ந்த அளவும் அருகிலுள்ள முண்ணாணுக்குக் குறைந்த அளவும் கிடைக்கின்றன.

கனடாவிலும் அவுஸ்திரேலியாவிலும் 229 நோயாளரிடம் நடத்தப்பட்ட ஆய்வொன்றின் முடிவு 2021இல் வெளியாகியது. ஒரு சாராருக்குப் புதிய முறையில் 24 கிறே கதிர் 2 தடவைகளிலும், மறுசாராருக்கு வழமையான முறையில் 20 கிறே கதிர் 5 தடவைகளிலும் வழங்கப்பட்டன. மூன்று மாதங்களின் பின் வலி முற்றாக நீங்கியோர் முறையே 35 சதவீதமும் 14 சதவீதமுமாவர். ஆயினும், ஒரே தடவையில் வழங்கும் சிகிச்சையை ஆராய்ந்து 2023இல் வெளியான அமெரிக்க ஆய்வில், புதிய முறை வழமையான 8 கிறே சிகிச்சையை விட வலியைத் தணிப்பதில் சிறந்ததெனக் காணப்படவில்லை. எனவே, புதிய இயந்திரம் கிடைக்காதவருக்கு வழியே இல்லை என எவரும் மனம் தளரவேண்டியதில்லை.

உண்மையில் நோயாளியின் நடையைத் தீர்மானிப்பது இயந்திரத்தைவிடக் காலமே என்பதை நாம் இங்கு வலியுறுத்த விரும்புகின்றோம். நடக்கக்கூடிய நிலையில் சிகிச்சைக்கு வருவோரில் பெரும்பாலானோர் தொடர்ந்தும் நடக்கின்றனர். கால்கள் முற்றாகச் செயலிழந்தபின் வருவோரில் மிகச் சிலரே மீள்கின்றனர். முண்ணாண் நெரிபட்ட, சத்திரசிகிச்சைக்குத் தகுதியான நோயாளரிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான ஆய்வில், சத்திரசிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் பெற்றோரில் 84 சதவீதமானோர் நடக்கக்கூடியவராயினர். கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றோரில் இது 57 சதவீதமே.

நம் மக்களிடையே முதுகுவலிக்கு எண்ணெய் தேய்ப்பதும் முறிவு நெரிவு வைத்தியரை நாடுவதும் வழக்கமாகும். ஆனால், புற்றுநோய்க்கு ஒருமுறையேனும் சிகிச்சை பெற்றவர்களின் முதுகுவலி அவ்வாறு கருதப்படலாகாது. புற்றினால் நலிந்த முள்ளெலும்பை அழுத்துவதும் இழுப்பதும் அதனை நொறுக்கிவிடக்கூடும். இரவில் படுத்திருக்கும்போது கூடும் வலி, கால்களில் பலவீனம் அல்லது விறைப்பு, சிறுநீர் கழிப்பதில் சிரமம் என்பன தோன்றினால் அடுத்த கிளினிக் தினம் வரை காத்திராது, அன்றே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும். முன்னைய நோய் பற்றி வைத்தியரிடம் தயங்காது கூறவும் வேண்டும்.

புற்றுநோயை அயலாருக்கும் உறவினருக்கும் மறைக்கும் மனப்பாங்கு நம் சமூகங்களில் இன்னும் நீங்கவில்லை. அம்மறைப்பினால் இழக்கப்படும் சில நாட்கள், எந்த இயந்திரத்தாலும் மீட்டுத்தர முடியாதவையாகும்.